கடலில் ஏது புகை

"ஏத்தா, ஒரு சினிமா முடியிற வரைக்கும் ஒன்னால ஒரு எடத்துல உக்கார முடியுமா? நீ போயி நாள் பூரா கடலப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பியாக்கும்."

என் தாய்மாமா வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இதைச் சொன்னார். பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறவர் அவர். ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியுள்ள ஊர்களில் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவார். அம்மாவும் அந்த வேனில்தான் போகிறாள். சரவெடி பின்னுகிற ரூமில் அவளுக்கு வேலை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதே வேலை.

மாமா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஒரு இடத்தில் உட்கார என்னால் முடியாது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் முழுவதையும் மொட்டைமாடியில் நடந்துகொண்டே படித்தேன். கல்லூரியில் விலங்கியல் படித்த ஐந்து வருஷமும் கடைசி பெஞ்சு. எழுந்து வெளியே போவதற்கு அதுதான் வசதி. அப்படியும் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தியாக இருந்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் கிடையாது. இதை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில், கடல் உயிர்களை ஆராய்கிற சிறிய குழு ஒன்று ஆள் தேடியது. படகில் போகாமல் கரையிலிருந்தே, அந்தப் பக்கம் கடந்துபோகிற திமிங்கலங்களைப் பார்த்து எழுதிவைக்கிற வேலை. ஒரு நாள் அழைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். நான்கு பேரை வரச்சொல்லியிருந்தார்கள், அதில் இரண்டு பேரை எடுப்பார்கள். சோதனை சனிக்கிழமை.

அதே சமயம் மாமா விஸ்வநத்தத்தில் ஒரு கம்பெனி ஆபீஸில் எனக்கு பில் போடுகிற வேலை பேசி முடித்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். அந்த ஆபீஸைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல ஆபீஸ்தான், ஏசி கூட இருந்தது. சுவரைப் பார்த்தபடி ஒரு நாற்காலியைக் காட்டி, "இதுதான் உங்க எடம். நானும் இந்தச் சேருலதான் ஆரம்பிச்சேன், ஏழு வருசம்" என்று அங்கிருந்த அக்கா பெருமையாகச் சொன்னார். வீடு வந்து சேரும்வரை எனக்கு அந்த ஏழு வருஷமே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

"சனிக்கெழம போயிட்டு வா," என்றார் மாமா. "தேறலேன்னா திங்கக்கெழம ஆபீசு. அதுக்கப்புறம் திமிங்கலம் கிமிங்கலம்னு பேசப்படாது."

"போயிட்டு வரட்டும்ண்ணே," என்றாள் அம்மா. "போகவிடலேன்னு ஆயுசுக்கும் என்னயத்தான் சொல்லிக்காட்டுவா."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பினேன். கோவில்பட்டியில் ஒரு பஸ், தூத்துக்குடியில் ஒரு பஸ், திருச்செந்தூரில் ஒரு மினிபஸ். உட்கார இடம் இருந்தும் பாதி வழி நின்றுகொண்டே போனேன். கடலை அதற்கு முன் இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டும் திருச்செந்தூர்க் கோயிலுக்கு வந்தபோது. ஒரு தடவை மொட்டைத் தலையோடு.

சனிக்கிழமை விடிந்ததும் எங்களை மணல்மேட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மாசி மாதம், கடல் அவ்வளவு சத்தம் போடவில்லை. சிவப்பு மண்ணும் வெள்ளை மணலும் கலந்த இரண்டு மேடுகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தால் பத்து நிமிஷம். ஒவ்வொன்றின் உச்சியிலும் நான்கு கம்பு நட்டு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். கீழே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, முக்காலியில் பொருத்திய பெரிய பைனாகுலர், ஒரு அட்டையில் செருகிய தாள்கள். ஒரு மேட்டுக்கு இரண்டு பேர். ஒருத்தர் பார்க்க வேண்டும், ஒருத்தர் எழுத வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை மாறிக்கொள்ள வேண்டும்.

குழுவை நடத்துகிறவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தொப்பியின் மேல் ஈரத்துண்டைக் கட்டியிருந்தார். எல்லோரும் மேடம் என்று கூப்பிட்டோம். அவர் விதிகளைச் சொன்னார்.

"திமிங்கலம் முழுசாத் தெரியாது. அது மேல வந்து மூச்சு விடும்போது தண்ணி ஆவி மாதிரி மேல எழும்பும். சில நொடிதான். அதைப் பாத்ததும் 'மூச்சு'ன்னு சத்தமாச் சொல்லணும். எந்தத் திசைன்னு சொல்லணும். எதிர்ல பன்னெண்டு மணி, இடது கையோரம் ஒன்பது, வலது கையோரம் மூணு. எழுதுறவங்க உடனே நேரத்தைக் குறிக்கணும். சந்தேகமா இருந்தாலும் சொல்லுங்க. சொன்னதுக்கு அப்புறம் அது என்னன்னு பாத்துக்கலாம். தப்பா இருந்தா அடிச்சுக்கலாம். பேசாம இருந்தா மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"ஒக்காந்துதான் பாக்கணுமா மேடம்?" என்று கேட்டேன்.

"நின்னுக்கிட்டுப் பாருங்க, நடந்துக்கிட்டுக்கூடப் பாருங்க. கண்ணு மட்டும் கடல்லயே இருக்கணும்."

நான் முக்காலியை உயர்த்திவைத்துக்கொண்டு நின்றேன். மாமாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நிற்பதிலும் கஷ்டம் இருக்கிறது என்பது அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. கடல் நிற்கவே இல்லை. அது அசைந்துகொண்டே இருக்க, நான் மட்டும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கண்ணை மெதுவாக நகர்த்த வேண்டும். வேகமாக நகர்த்தினால் விட்டுப்போகும். என் உடம்பில் வேகமில்லாத உறுப்பு எதுவும் இல்லை. குதிகாலைத் தூக்கி இறக்கினேன். செருப்பைக் கழற்றினேன், மாட்டினேன்.

என்னோடு அந்த மேட்டில் இருந்தவள் பக்கத்து மீனவ ஊர்ப் பெண். அவள் அப்பாவுக்கு நாட்டுப்படகு இருந்தது. என் வயதுதான்.

"எந்த ஊரு நீ?"

"ஏழாயிரம்பண்ணைப் பக்கம்."

"வெடி ஊரா? எட்டி, அப்போ ரெண்டு வெடி கொண்டாந்திருக்கலாம்லா. திமிங்கலம் வரலன்னா ஒண்ணக் கொளுத்திப் போட்டா, என்னன்னு எந்திரிச்சுப் பாக்கும்."

"நாங்க சும்மா கொளுத்த மாட்டோம்."

"கோவத்தப் பாரு. சரி, கடலப் பாரு."

அவளுக்கு வாய் ஓயவே இல்லை. பைனாகுலரும் அவளும் சேர்ந்தால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "மூச்சு" என்பாள். ஒரு தடவை அது அலை உடைந்த நுரை. ஒரு தடவை பறவைக் கூட்டம். ஒரு தடவை யாரோ கடலில் விட்ட வெள்ளை பிளாஸ்டிக் கேன். இரண்டு தடவை ஓங்கல் கூட்டம் துள்ளிப்போனது. டால்பினை அந்தக் கரையில் ஓங்கல் என்றுதான் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான் நேரத்தை எழுதி, பிறகு அடித்தேன். அவளுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. "அடிச்சுக்கோ, அடிச்சுக்கோ. தாளு அவங்க தாளுதானே" என்றாள்.

எனக்கு உள்ளூர அவளைப் பற்றி ஒரு இளக்காரம் இருந்தது. பரீட்சையில் தெரியாத கேள்விக்கு நான் எதையாவது எழுதிவைத்ததே இல்லை. என் முறையில் தாள் சுத்தமாக இருந்தது. ஒரு அடித்தல்கூட இல்லை. அதுவே நான் தேறுவதற்குப் போதும் என்று நினைத்தேன்.

பத்து நாற்பதுக்கு அது நடந்தது. நான் பைனாகுலரில் இருந்தேன். அவள் கடலின் நிலையைத் தாளில் நிரப்பிக்கொண்டிருந்தாள். பத்து மணித் திசையில், கடலும் வானமும் சேருகிற கோட்டுக்குக் கொஞ்சம் இப்பால், வெள்ளையாக ஒன்று எழுந்தது. செங்குத்தாக எழுந்து, மேலே கொஞ்சம் விரிந்து, காற்றில் இடப்பக்கமாகச் சாய்ந்து கரைந்தது.

நான் எண்ண ஆரம்பித்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

பதினெட்டுவரை எண்ணியதும்தான் எதற்காக எண்ணுகிறேன் என்பது உறைத்தது. நான் வெடிச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த எண்ணிக்கை தெரியும். தூரத்தில் புகை எழுவதைக் கண்டால் உடனே எண்ண வேண்டும். புகை முதலில் தெரியும், சத்தம் பின்னால் வரும். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். ஒன்பது எண்ணினால் மூன்று. திசையையும் தூரத்தையும் சேர்த்தால் எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடும். சத்தமே வராவிட்டால் அது வேறு ஏதோ புகை. ஒன்பதாம் வகுப்பில் ஒலியின் வேகத்தைப் பாடமாகப் படித்தபோது, இதைத்தானே நாங்கள் இத்தனை நாளும் செய்கிறோம் என்று வகுப்பில் எழுந்து சொன்னவள் நான்.

எண்ணி முடித்து, எந்தக் கம்பெனி என்று உறுதியாகத் தெரிகிறவரை பார்த்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இது யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது எப்படித் தெரியவந்தது என்றால், நான்காம் வகுப்பு படிக்கும்போது தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறி நின்று, கிழக்கே வெள்ளையாகப் புகை எழுவதைப் பார்த்துக் கத்திவிட்டேன். எண்ணவில்லை, யோசிக்கவில்லை. தெருவே ஓடியது. எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்துக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற ரூமில் இருந்தார். அந்த அக்கா செருப்புக்கூடப் போடாமல் கருவேலங்காட்டுக்குள் குறுக்கு வழியில் ஓடினார். போய்ப் பார்த்தால், யாரோ கரிமூட்டம் போட்டு, மேல்மண் சரிந்து புகை கிளம்பியிருக்கிறது. கரி சுட்டவர்கள் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்களாம்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய அம்மா என்னை அடிக்கவில்லை. அந்த அக்கா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்காலிலும் முள். அம்மா ஊக்கால் ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்த முள்ளை எல்லாம் நான் உள்ளங்கையில் ஏந்தி நிற்க வேண்டும் என்றாள். பதினோரு முள். அக்கா என்னைத் திட்டவே இல்லை. "சின்னப் புள்ளதானே" என்றார். அம்மா மட்டும் வீட்டுக்கு வந்து, "தெரிஞ்சாப் பேசு. தெரியலேன்னா வாய மூடிக்கிட்டு நில்லு" என்றாள். அன்றிலிருந்து நான் அப்படித்தான். கல்லூரியில் அதற்கு அடக்கமான பெண் என்று பேர் வைத்தார்கள்.

கடலில் எழுந்தது கரைந்து போயிருந்தது. நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் வரவில்லை. இப்போதாவது சொல்லலாம். ஆனால் இப்போது சொன்னால், பார்த்து இவ்வளவு நேரம் ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்பார்கள். ஒருவேளை அது அலையாகவும் இருக்கலாம். சொல்லாமல் விட்டேன். சுத்தமான தாள் சுத்தமாகவே இருந்தது.

அதற்கப்புறம் என்னால் நிற்கவும் முடியவில்லை. முக்காலியைச் சுற்றி நடந்தேன். பாட்டிலைத் திறந்தேன், குடிக்காமல் மூடினேன்.

"என்னட்டி, கால்ல எறும்பு ஏறிட்டா?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல."

பன்னிரண்டரைக்கு மேடம் இரண்டு மேட்டின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதற்காகத்தான் இரண்டு மேடு. ஒருவருக்கொருவர் தெரியாமல் பார்க்க வேண்டும். ஒரு மேடு பார்த்ததை இன்னொரு மேடு எத்தனை தடவை தவறவிடுகிறது என்பதை வைத்து, யாருமே பார்க்காமல் கடந்துபோனவை எத்தனை இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள்.

"பத்து நாப்பதுக்கு அந்த மேட்டுல ஒரு மூச்சு பாத்திருக்காங்க. பக்கவாட்டுல முதுகும் தெரிஞ்சிருக்கு. உங்க தாள்ல இல்லையே," என்றார்.

"நான் எழுதிட்டு இருந்தேன் மேடம்," என்றாள் என்னோடு இருந்தவள். "அவதான் பைனாகுலர்ல."

மேடம் என்னைப் பார்த்தார்.

"வெயில் கூசிச்சு மேடம்," என்றேன். "அந்தப் பக்கம் தெரியல."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தாளில் 'பார்க்கவில்லை' என்று எழுதினார். வெயில் அப்போது எங்கள் முதுகுப் பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. பத்து நாற்பதுக்கு அது பத்து மணித் திசையில் இல்லவே இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

எலுமிச்சைச் சோறும் மசால் வடையும் கொடுத்தார்கள். பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, பத்து நிமிஷம் அதையே பார்த்தேன். சொல்லாமல் விட்டது பயத்தால் நடந்தது. வெயில் கூசியது என்றது நானாகச் சொன்ன பொய். ஐந்து வருஷம் விலங்கியல் படித்தவள், ஒரு ஆய்வின் தாளில் பொய்யை எழுத வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அந்தச் சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இது என் கூடவே வந்து உட்காரும். பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். மேடம் மணலில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், பத்து நாப்பதுல நான் பாத்தேன். சொல்லல. வெயில்னு சொன்னது பொய்."

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "ஏன் சொல்லல?"

சொன்னேன். புகை, எண்ணிக்கை, கரிமூட்டம், முள் எல்லாம். கோர்வையாக வரவில்லை. அழக்கூடாது என்பதிலேயே பாதிக் கவனம் போயிற்று. சொல்லி முடித்தபோது, அவர் என்னைத் தேற்றுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"அது உங்க ஊருக்குச் சரிதான்," என்றார் அவர். "ஆனா பாக்காம விட்டது வேற, பாத்துட்டுச் சொல்லாம விட்டது வேற. ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டா என் கணக்கு தப்பாயிரும். நான் எழுதினதை அடிச்சுட்டு, குறிப்புன்னு இருக்கிற கட்டத்துல நடந்ததை எழுதுங்க. உங்க கையாலயே எழுதுங்க."

எழுதினேன். "10.40. பத்து மணித் திசை. பார்வையாளர் பார்த்தார். சொல்லவில்லை." கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அந்தத் தாளில் என் பார்வை முறையில் விழுந்த முதல் அடித்தல் அதுதான்.

"சோறு சாப்பிட்டீங்களா?" என்றார்.

"இல்ல மேடம்."

"சாப்பிடுங்க. ரெண்டு மணிக்கு உங்க முறை."

மத்தியானத்துக்கு மேல் காற்று ஏறியது. கடல் எங்கும் வெள்ளை வெள்ளையாக அலை உடைந்தது. இப்போது எதைப் பார்த்தாலும் மூச்சு மாதிரியே இருந்தது. இரண்டே கால் மணிக்கு ஒன்றைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "மூச்சு, ஒரு மணி" என்றேன். அது அலை.

"வாயத் தொறந்துட்டாளே," என்றாள் என்னோடு இருந்தவள், நேரத்தை எழுதிக்கொண்டே. "இனி எழுதி மாளாது பாரு."

இன்னொன்று சொன்னேன். அதுவும் அலை. மூன்றாவது, படகு ஒன்றின் கொடி. அடித்தாள், அடித்தாள், அடித்தாள். ஒவ்வொரு அடித்தலுக்கும் எனக்குக் காது சுட்டது. யாரும் எங்கேயும் ஓடவில்லை என்பதைப் பார்த்துக்கொள்வதுபோல ஒவ்வொரு தடவையும் கரையை ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். கரையில் இரண்டு பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

மூன்றரைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, அது வந்தது. இந்தத் தடவை எண்ணவில்லை. எண்ணுவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"புகை," என்றேன். "பதினொரு மணி. புகை."

"எட்டி, கடல்ல ஏது புகை?" என்று சிரித்தாள். ஆனால் கழுத்தில் தொங்கிய சின்ன பைனாகுலர் அதற்குள் அவள் கண்ணுக்குப் போயிருந்தது. சிரிப்பு நின்றது. "ஆமா. இருக்கு. இன்னொண்ணு. எட்டி, முதுகு பாரு, முதுகு."

நான்கு தடவை மூச்சு விட்டது. கடைசி மூச்சுக்குப் பிறகு முதுகு எழுந்தது. நனைந்த தார்ரோடு மாதிரி ஒரு சாம்பல் நிறம். அது முன்பக்கம் தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருக்க, பின்பக்கம் வெளியே வந்துகொண்டே இருந்தது. முடியவே முடியாதா என்று தோன்றியபோது, உடம்புக்குப் பொருந்தாத சின்னத் துடுப்பு ஒன்று தெரிந்து, அதுவும் மூழ்கியது. வால் தெரியவில்லை. படங்களில் பார்க்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. மறுபடி மேலே வரும் என்று ஐந்து மணிக்கு முறை முடியும்வரை பார்த்தோம். வரவில்லை. அது இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கும் என்ற நினைப்பு என்னை நிற்கவிடவில்லை. பார்த்துவிட்டால் மனது அமைதியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஆகவில்லை. இன்னும் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது.

தாளில் அவள் "புகை" என்று எழுதி, அடித்து, "மூச்சு" என்று எழுதியிருந்தாள். மேடம் அதைப் படித்தார். தாளை அட்டையில் செருகினார்.

கிளம்பும்போது கேட்டேன். "மேடம், நான் தேறுவேனா?"

"இன்னும் நான் முடிவு பண்ணல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஃபோன் பண்றேன்."

தூத்துக்குடி பஸ்ஸில் ஏறி அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். கம்பெனிக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் கொடுத்துவிட்டுப் போய், சாயங்காலம் வாங்கிக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க அவளிடம் பேச முடியாமல் இருந்தது.

"பாத்தியா?" என்றாள்.

"பாத்தேம்மா."

"எம்புட்டுப் பெருசு?"

"சரியாத் தெரியலம்மா. மூச்சுத்தான் நல்லாத் தெரிஞ்சது. முதுகு கொஞ்சம்."

"மூச்சப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போன?" பின்னால் வேனில் இருந்த பெண்கள் சிரிப்பது கேட்டது. "வேல என்னாச்சு?"

"நாளைக்குச் சொல்றாங்களாம். மாமாகிட்டக் குடும்மா."

வேன் அப்போது எங்கள் தெருமுனையில் நின்றிருந்தது. மாமா வாங்கி, "என்னத்தா" என்றார்.

"மாமா, நான் திங்கக்கெழம ஆபீசுக்கு வரல. அவங்ககிட்டச் சொல்லிருங்க."

"அப்ப கெடச்சிருச்சா?"

"இல்ல மாமா. இன்னும் தெரியல."

"தெரியாம எப்படிச் சொல்ற?"

"தெரியாமத்தான் சொல்றேன்."

"இங்கன ஆளு எறங்குது. வைக்கேன்," என்று வைத்துவிட்டார். கண்டக்டர் சீட்டைக் காட்டச் சொன்னபோது பையில் எங்கே வைத்தேன் என்று தேடவேண்டியிருந்தது. இரண்டும் போய்விட்டால் என்ன செய்வது என்று கோவில்பட்டிவரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் மொட்டைமாடியில் நடந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு ஃபோன் வந்தது. என்னோடு இருந்தவளை சீசன் முழுவதற்கும் எடுத்திருக்கிறார்கள். இன்னொரு மேட்டிலிருந்து யாரையும் எடுக்கவில்லை.

"நீங்க ஒரு மாசம் வாங்க," என்றார் மேடம். "ஒரு மாசம் உங்க தாளைப் பாக்கிறேன். அப்புறம் பேசலாம். சம்மதமா?"

"வரேன் மேடம்," என்றேன். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வரவில்லை.

கீழே இறங்கி அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகளில் வெடிமருந்தின் வெள்ளி நிறம் சோப்புக்குப் போகாமல் நின்றது.

"ஒரு மாசம் கழிச்சு வேண்டாம்னுட்டா?"

"வந்து வேற தேடுவேன்."

"ஆபீசு வேல அதுவரைக்கும் காத்துக் கெடக்காது."

"தெரியும்மா."

அவள் ஒரு சேலையைப் பிழிந்து முடித்தாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"அங்கன எங்க தங்குவ?"

"என்கூட இருந்த புள்ள வீட்டுல எடம் இருக்காம். அவ அம்மா பேசணும்னாங்க."

"நம்பரக் குடு. நான் பேசுறேன்," என்றாள். "மாமாகிட்ட நீயே பேசிக்க. என்னய இழுக்காத."

படிவம் ஒன்று ஃபோனுக்கு வந்திருந்தது. ஏழாயிரம்பண்ணை ஜெராக்ஸ் கடையில் போய் அச்செடுத்தேன். பெயர், படிப்பு, முகவரி எல்லாம் நிரப்பினேன். கடைசியில் 'தந்தை அல்லது பாதுகாவலர் கையொப்பம்' என்று ஒரு வரி. வேறு எதற்கோ அடித்த படிவத்தை எனக்கும் அனுப்பியிருப்பார்கள்போல. எதையும் மாமாவிடமே விட்டுவிடுகிற அப்பா வேலைக்குப் போயிருந்தார். மாமா சாயங்காலம் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு இருபத்து மூன்று வயது. கடைக்காரரிடம் ஸ்கேல் வாங்கி, அந்த வரியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். அங்கேயே படம் பிடித்து அனுப்பினேன்.

மாமா வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தபோது, என்றிலிருந்து வருகிறீர்கள் என்று மேடம் கேட்டதற்கும் நான் பதில் போட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி முறை.